மேக் முடிந்தது, பைதான் முடியவில்லை: சொல்லாமல் விடுபட்ட மாட்யூல்களைக் கண்டுபிடிக்கும் வழி

லினக்ஸில் பைதானை சோர்ஸிலிருந்து நாமே பில்ட் செய்வது பெரிய வித்தை இல்லை. டார் கோப்பை இறக்கிப் பிரித்து, மெஷினைச் சோதிக்கும் கான்ஃபிகர், கட்டும் மேக், நிறுவும் மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று மூன்று கட்டளை கொடுத்தால் போதும். எரர் எதுவும் வராது. பைதானைத் திறந்து 2 + 2 கேட்டால் 4 என்று சொல்லும். சில நாள் கழித்து, நம் கோடில் எந்தத் தப்பும் இல்லாத ஓர் இடத்தில் அது விழும்.

பைதானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒரு பகுதி வெளியே இருக்கும் சி லைப்ரரிகளை நம்பி நிற்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்கியூலைட், ரீட்லைன், எக்ஸ்இசட் எல்லாம் அந்த வகை. பில்ட் நடக்கும்போது இவற்றின் ஹெடர் கோப்புகள், அதாவது இவற்றைப் பயன்படுத்தும் நிரலைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள், மெஷினில் இல்லையென்றாலும் பில்ட் நிற்காது. அந்த மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். முடிவில் மேக் திருப்பித் தரும் எண் 0, அதாவது வெற்றி.

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேக்கின் கடைசிப் பகுதியில் "தி நெசசரி பிட்ஸ் டு பில்ட் தீஸ் ஆப்ஷனல் மாட்யூல்ஸ் வேர் நாட் ஃபவுண்ட்" என்று ஒரு வரி வரும். அதன் கீழே விடுபட்ட பெயர்கள் இரண்டு மூன்று வரிசையாக நிற்கும். ஆனால் நாம் எல்லோரும் மேக்கையும் மேக் இன்ஸ்டாலையும் ஒரே வரியில் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். இன்ஸ்டால் தொடங்கியதும் ஒவ்வொரு கோப்பையும் கம்பைல் செய்கிறேன் என்று ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். அந்த எச்சரிக்கை எப்போதோ மேலே போயிருக்கும். நிரலை அதன் சூழலோடு பொதியும் டாக்கரில் பில்ட் செய்தால் அதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பே அநேகமாக இல்லை.

அதில் "ஆப்ஷனல்" என்ற சொல்தான் எனக்கு ஒப்பவில்லை. பாதுகாப்பான இணைய இணைப்புக்கான மாட்யூல்தான் எஸ்எஸ்எல். அது இல்லாத பைதானால் இணையத்திலிருந்து ஒரு பேக்கேஜைக்கூட நிறுவ முடியாது. அதை விருப்பத்துக்கு உட்பட்டது என்று எப்படிச் சொல்வது?

ஒருமுறை நான் பில்ட் செய்த 3.8-ஐ சர்வரில் வைத்தோம். எல்லா டெஸ்ட்டும் பாஸ். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் வெளியிலிருந்து வந்த ஒரு தரவுக் கோப்பு, வழக்கமான ஜிஇசட்டுக்குப் பதில் எக்ஸ்இசட்டில் சுருக்கப்பட்டிருந்தது. டார்ஃபைல் மாட்யூல் "எல்இசட்எம்ஏ மாட்யூல் இஸ் நாட் அவைலபிள்" என்று சொல்லி நின்றது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, அனுப்பியவர்களிடம் இரண்டு முறை மறுபடி கேட்டு வாங்கினோம். அவர்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை. பதினைந்து நாள் முன்பு என் டெர்மினலில் ஓடிப்போன ஒரு வரியில் எக்ஸ்இசட்டைப் பிரிக்கும் "_எல்இசட்எம்ஏ" என்ற பெயர் இருந்திருக்கிறது.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களிடம் எந்த எரர் வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில்: எந்தப் பைதான் ஓடுகிறது?

ஒரே மெஷினில் டிஸ்ட்ரோ, அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு, கொடுத்த பைதான் ஒன்று, நாம் பில்ட் செய்தது ஒன்று, பல பைதான் வெர்ஷன்களை நிர்வகிக்கும் பைஎன்வ் வைத்திருப்பது ஒன்று என்று மூன்று இருப்பது சாதாரணம். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னொன்றை ஓட்டிப் பார்த்து "இன்னும் சரியாகவில்லை" என்று மணிக்கணக்கில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பைதானுக்குள் போய் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்ன என்று கேளுங்கள். வரும் பாதை /யூஎஸ்ஆர்/பின் என்று தொடங்கினால் அது டிஸ்ட்ரோவுடையது. டெபியனும் உபுண்டுவும் டிகேஇன்டர், வென்வ் போன்றவற்றைத் தனித் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அங்கே ஒன்று இல்லையென்றால் பைதான்3-டிகே, பைதான்3-வென்வ் என்று அந்தப் பேக்கேஜை நிறுவினால் முடிந்தது, பில்ட் எதுவும் வேண்டாம். பாதை /யூஎஸ்ஆர்/லோக்கல் என்றோ உங்கள் ஹோம் ஃபோல்டர் என்றோ வந்தால் கீழே படியுங்கள்.

அறிகுறி: பேக்கேஜ்களை நிறுவும் பிப் எதையும் இறக்க மறுக்கிறது

திரையில் கடைசியாக நிற்கும் வரிகளில் ஒன்று "குட் நாட் ஃபைண்ட் எ வெர்ஷன் தட் சாட்டிஸ்ஃபைஸ் தி ரிக்வயர்மென்ட்" என்று இருக்கும். அதைப் படித்தால் பேக்கேஜின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டோம் என்றோ, நம் பைதான் வெர்ஷனுக்கு அந்தப் பேக்கேஜ் வெளியாகவில்லை என்றோதான் தோன்றும். அலுவலக நெட்வொர்க்கில் இருப்பவர்கள் ப்ராக்ஸியைச் சந்தேகப்பட ஆரம்பிப்பார்கள். அந்த வரியை விட்டுவிட்டு மேலே ஏறிப் பாருங்கள். "தி எஸ்எஸ்எல் மாட்யூல் இன் பைதான் இஸ் நாட் அவைலபிள்" என்ற எச்சரிக்கை இருக்கிறதா? இருந்தால் நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பைதானில் எஸ்எஸ்எல் இல்லை, அவ்வளவுதான்.

பிப் நிறுவும்போது ஏன் இது தெரியவில்லை என்று கேட்கலாம். பிப்பின் கோப்பு பைதான் சோர்ஸுக்குள்ளேயே வருகிறது. மேக் இன்ஸ்டால் அதை அங்கிருந்து எடுத்து வைக்கிறது, இணையத்துக்குப் போவதில்லை. அதனால் எஸ்எஸ்எல் இல்லாமலேயே பிப் ஒழுங்காக நிறுவப்பட்டுவிடும். முதல்முறை வெளியே போகும்போதுதான் குட்டு உடையும்.

தீர்வு: ஹெடர் கோப்புகள் வரும் டெவ் பேக்கேஜ். டெபியன், உபுண்டுவில் லிப்எஸ்எஸ்எல்-டெவ். ஃபெடோரா, ரெட் ஹேட் வகையில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல். நிறுவிவிட்டு, சோர்ஸ் ஃபோல்டரில் மேக் டிஸ்ட்க்ளீன் கொடுத்துப் பழையதைத் துடைத்துவிட்டு, கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மேக்கை மட்டும் திரும்பக் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அண்மைப் பதிப்புகளில் எந்த மாட்யூலைக் கட்டுவது என்ற முடிவு கான்ஃபிகரிலேயே எடுக்கப்பட்டுவிடும். பழைய முடிவை வைத்துக்கொண்டு மேக் எத்தனை முறை ஓடினாலும் பலன் ஒன்றுதான்.

டெவ் பேக்கேஜ் இருந்தும் எஸ்எஸ்எல் வரவில்லை என்றால் வெர்ஷனைப் பாருங்கள். 2021 அக்டோபரில் வந்த பைதான் 3.10-இலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 1.0.2. சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டாலும், அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சர்வர்கள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே ஹெடர் இருக்கிறது, லைப்ரரி இருக்கிறது, ஆனாலும் மாட்யூல் கட்டப்படாது. வழி, புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனி இடத்தில் பில்ட் செய்து, பைதானின் கான்ஃபிகருக்கு --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஆப்ஷனில் அந்த இடத்தைக் காட்டுவது.

அப்படிச் செய்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, 64 பிட் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 தன் லைப்ரரிகளை லிப்64 என்ற ஃபோல்டரில் போடும். பைதானின் கான்ஃபிகரோ நாம் காட்டிய இடத்தின் கீழே லிப் என்ற ஃபோல்டரில் தேடும். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்லும். ஓப்பன்எஸ்எஸ்எல்லை பில்ட் செய்யும்போதே --லிப்டிர்=லிப் என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. இன்னொன்று, மாட்யூல் கட்டப்படும், ஆனால் கட்டி முடித்ததும் பைதான் அதை இம்போர்ட் செய்து பார்க்கும்போது லைப்ரரியைத் தேடி ஏற்றும் லோடருக்கு நம் தனி இடம் தெரியாது. அப்போது வரும் செய்தி வேறு: கட்டப்பட்டன, ஆனால் இம்போர்ட் செய்ய முடியாததால் நீக்கப்பட்டன என்று தனிப் பட்டியலாக வரும். 3.10 முதல் --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்=ஆட்டோ என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைச் சேர்த்தால் பாதை மாட்யூலுக்குள்ளேயே பதிந்துவிடும்.

அறிகுறி: "நோ மாட்யூல் நேம்ட் '_சிடைப்ஸ்'"

சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் மாட்யூல் லிப்எஃப்எஃப்ஐயை நம்பி நிற்கிறது. இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 3.6 வரை லிப்எஃப்எஃப்ஐயின் முழுப் பிரதி ஒன்று பைதான் சோர்ஸோடு சேர்ந்தே வந்தது. மெஷினில் இல்லையென்றாலும் அதை வைத்துச் சமாளித்துக்கொண்டது. 2018 ஜூனில் வந்த 3.7-இல் லினக்ஸுக்கு அதை எடுத்துவிட்டார்கள். பல வருடமாகப் பிரச்சினையே இல்லாமல் ஓடிய பில்ட் ஸ்கிரிப்ட், வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றியதும் சிடைப்ஸ் இல்லாத பைதானைக் கொடுக்கத் தொடங்கியது. சிலருக்கு மேக் இன்ஸ்டாலில் பிப்பை வைக்கும் கட்டத்திலேயே விழுந்தது. அவர்களுக்காவது அன்றைக்கே தெரிந்தது. மற்றவர்களுக்கு மல்டிப்ராசஸிங்கில் பகிர்ந்த மாறி ஒன்றைப் பயன்படுத்தும்போதோ, சி லைப்ரரியை அழைக்கும் ஏதோ ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்யும்போதோதான் தெரிந்தது.

வேண்டியது லிப்எஃப்எஃப்ஐ-டெவ், ஃபெடோரா வகையில் லிப்எஃப்எஃப்ஐ-டெவெல். பெயரின் முன்னால் இருக்கும் அடிக்கோட்டைக் கவனியுங்கள். சிடைப்ஸ் என்ற பைதான் கோப்பு ஒழுங்காக நிறுவப்பட்டிருக்கும். அது உள்ளே அழைக்கும் _சிடைப்ஸ் என்ற சி பகுதிதான் இல்லை. இது பல மாட்யூல்களுக்கும் பொருந்தும். எரரில் அடிக்கோட்டோடு ஒரு பெயர் வந்தால் பிப்பில் தேடாதீர்கள். அது பில்டில் விடுபட்ட பகுதி.

அறிகுறி: _எஸ்கியூலைட்3, _பிஇசட்2, _எல்இசட்எம்ஏ, _டிகேஇன்டர் இல்லை

இங்கே சொல்ல அதிகம் இல்லை. எந்தப் பெயருக்கு எந்தப் பேக்கேஜ் என்பது மட்டும் தெரிந்தால் போதும். டெபியன், உபுண்டு பெயர்கள் இவை:

- _எஸ்கியூலைட்3: லிப்எஸ்கியூலைட்3-டெவ்
- _பிஇசட்2: லிப்பிஇசட்2-டெவ்
- _எல்இசட்எம்ஏ: லிப்எல்இசட்எம்ஏ-டெவ்
- _டிகேஇன்டர்: டிகே-டெவ்
- _கர்சஸ்: லிப்என்கர்சஸ்-டெவ்
- _ஜிடிபிஎம்: லிப்ஜிடிபிஎம்-டெவ்
- 3.14-இல் புதிதாக வந்த _இசட்எஸ்டிடி: லிப்இசட்எஸ்டிடி-டெவ்

ஃபெடோரா வகையில் முன்னால் வரும் "லிப்" பல இடங்களில் இருக்காது, கடைசியில் "டெவெல்" வரும். எல்இசட்எம்ஏவுக்கு அங்கே பெயரே வேறு: எக்ஸ்இசட்-டெவெல்.

எல்இசட்எம்ஏ பற்றி மட்டும் கூடுதலாக ஒன்று. இது இல்லாவிட்டால், தரவு அலசும் லைப்ரரியான பாண்டாஸின் சில பதிப்புகள், உங்கள் பைதான் முழுமையாக இல்லை என்று ஓர் எச்சரிக்கை காட்டும். பலர் அதை வெறும் இரைச்சலாக நினைத்து வார்னிங்கையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். பைதானின் சொந்த பில்ட் உரக்கச் சொல்லாததை ஒரு வெளி லைப்ரரி அக்கறையோடு சொல்கிறது.

அறிகுறி: எரர் எதுவும் இல்லை, ஆனால் மேல் அம்பு வேலை செய்யவில்லை

பைதான் ஷெல்லில் முந்தைய வரியைத் திரும்ப எடுக்க மேல் அம்பை அழுத்துகிறீர்கள். முந்தைய வரி வரவில்லை. அதற்குப் பதில் ஒரு தொப்பிக் குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, பக்கத்தில் ஆங்கில எழுத்து ஏ. மறுபடி அழுத்தினால் அதே நான்கு குறிகள் பக்கத்தில் இன்னொரு முறை. இடது அம்புக்கு ஏ-க்குப் பதில் டி.

டெர்மினல் செட்டிங் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை நோண்டுபவர்கள் அதிகம். எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போயிருந்தால் எஸ்எஸ்ஹெச்சைக் குறை சொல்வார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள்: அதே டெர்மினலில், பைதானுக்கு வெளியே, ஷெல்லில் மேல் அம்பு வேலை செய்கிறதா? செய்கிறதென்றால் டெர்மினலில் கோளாறு இல்லை. உங்கள் பைதான் ரீட்லைன் இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறது. விசை அனுப்பும் குறிகளைப் புரிந்துகொள்ள ஆளில்லாமல் அவை அப்படியே திரையில் விழுகின்றன. லிப்ரீட்லைன்-டெவ் நிறுவி மறுபடி பில்ட் செய்தால் சரியாகிவிடும்.

இந்த வகைக் குறைபாட்டில் இதைத்தான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். இம்போர்ட் எரர் வராது, லாகில் ஒன்றும் இருக்காது. ஆனால் ரீட்லைன் விடுபட்ட மெஷினில் வேறு டெவ் பேக்கேஜ்களும் விடுபட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அம்பு வேலை செய்யாத பைதானைப் பார்த்தால் நான் உடனே எஸ்எஸ்எல்லிலிருந்து தொடங்கி எல்லா மாட்யூலையும் இம்போர்ட் செய்து பார்த்துவிடுவேன். 3.13-இல் வந்த புதிய ஷெல் வரித் திருத்தத்தைத் தானே பார்த்துக்கொள்வதால், அங்கே இந்த அறிகுறி தெரியாமல் போகலாம்.

அறிகுறி: மேக் இன்ஸ்டாலே பாதியில் நிற்கிறது, "இசட்லிப் நாட் அவைலபிள்" என்கிறது

இசட்லிப்1ஜி-டெவ் நிறுவி மறுபடி தொடங்குங்கள். பிப்பின் கோப்பு ஒரு ஜிப். அதைப் பிரிக்க இசட்லிப் இல்லாவிட்டால் இன்ஸ்டால் மேலே நகர முடியாது, எனவே நிற்கிறது. இந்த எரர் வந்தவர்கள் எரிச்சல்படுகிறார்கள். எனக்கு இதில் நிம்மதிதான். குறை இருக்கும் இடத்திலேயே, குறை நடந்த நேரத்திலேயே தெரிகிறது. ஆனால் ஒன்று: இசட்லிப் இல்லாத மெஷினில் மற்றவையும் இருக்காது. இசட்லிப்பை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்ந்தால், மேலே சொன்ன அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும்.

அறிகுறி: லைப்ரரியை நிறுவிவிட்டேன், இன்னும் இல்லை என்கிறது

அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "லிப்எஸ்எஸ்எல்3 இருக்கிறதே, அப்புறம் ஏன்?" உபுண்டு 22.04-இல் லிப்எஸ்எஸ்எல்3 என்பது ஏற்கெனவே கட்டிய நிரல்கள் ஓடுவதற்கான பேக்கேஜ். புதிதாக ஒன்றைக் கட்ட ஹெடர் கோப்புகளும், லிங்கர் தேடும் வெர்ஷன் எண் இல்லாத லைப்ரரிப் பெயரும் வேண்டும். அவை இரண்டும் டெவ் பேக்கேஜில்தான் வருகின்றன. மாவு இருந்தால் மட்டும் இட்லி வராது, தட்டும் வேண்டும் என்பது போல.

டெவ் பேக்கேஜும் இருக்கிறது என்றால், 3.11 முதல் இதைச் சரிபார்ப்பது சுலபம். கான்ஃபிகரின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்துக்கொண்டு, "செக்கிங் ஃபார் எஸ்டிடிலிப் எக்ஸ்டென்ஷன் மாட்யூல்" என்று தொடங்கும் வரிகளை மட்டும் கிரெப் செய்து பாருங்கள். ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு வரி, கடைசியில் "யெஸ்" அல்லது "மிஸ்ஸிங்". மேக் தொடங்கும் முன்பே பதில் உங்கள் கையில். மிஸ்ஸிங் என்றிருப்பது ஏன் என்று தெரிய வேண்டுமானால் அதே ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து, அந்த லைப்ரரியின் ஹெடர் பெயரைத் தேடுங்கள். எந்தச் சின்ன நிரலைக் கம்பைல் செய்து பார்த்தது, கம்பைலர் என்ன சொல்லித் திருப்பி அனுப்பியது என்பது வரிக்கு வரி இருக்கும். அதைப் படிக்கப் பயப்பட வேண்டாம். நீளமாக இருக்கிறதே தவிர, சொல்வது எல்லாம் நேரடியானது.

இங்கேயும் பிடிபடாவிட்டால், மேலே முதலில் சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். நிறையப் பேருக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: நேற்று வரை ஓடியது, இன்று இல்லை

பில்டில் குறை இல்லை, அப்புறம் மெஷின் மாறியிருக்கிறது. இதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள்.

முதலாவது, ஓஎஸ் அப்கிரேட். உபுண்டு 20.04-இல் கட்டிய பைதான், லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1-ஐயும் லிப்எஃப்எஃப்ஐ.எஸ்ஓ.7-ஐயும் தேடும். 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கும் லிப்எஃப்எஃப்ஐ 8-க்கும் மாறிவிட்டது. அப்கிரேட் முடிந்த அன்றே விழாமல்கூட இருக்கலாம். பழைய லைப்ரரிகள் கொஞ்ச நாள் மெஷினில் தங்கியிருக்கும். யாரோ ஒருநாள் ஆட்டோரிமூவ் கொடுத்ததும் போய்விடும். அதனால் அப்கிரேடுக்கும் எரருக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தோன்றாது. பழைய லைப்ரரியை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போடாதீர்கள், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. பைதானைப் புதிய ஓஎஸ்ஸில் மறுபடி பில்ட் செய்வதுதான் சரி.

இரண்டாவது, டாக்கரில் இரண்டு கட்ட பில்ட். முதல் கட்டத்தில் எல்லா டெவ் பேக்கேஜும் இருந்ததால் மாட்யூல்கள் முழுதாகக் கட்டப்பட்டன. இரண்டாம் கட்டத்தின் மெலிந்த இமேஜுக்கு பைதான் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தோம். ஓடுவதற்கு வேண்டிய லைப்ரரிகள் கூட வரவில்லை.

இரண்டுக்கும் சோதனை ஒன்றே. பைதானின் லிப்-டைன்லோட் ஃபோல்டருக்குப் போனால் ஒவ்வொரு சி மாட்யூலும் ஒரு .எஸ்ஓ கோப்பாக இருக்கும். அவை எல்லாவற்றின் மீதும், வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டி, "நாட் ஃபவுண்ட்" என்ற சொல்லைத் தேடுங்கள். எந்த லைப்ரரி எந்த மாட்யூலுக்கு இல்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இது பைதானுக்கு மட்டும் வந்த நோய் இல்லை

ரூபி மொழியின் 3.2, 2022 டிசம்பரில் வந்தபோது, யாமல் கோப்புகளைப் படிக்கும் லிப்யாமலைத் தன்னோடு எடுத்துவருவதை நிறுத்தியது. லிப்யாமல்-டெவ் இல்லாத மெஷினில் அதை நம்பியிருந்த சைக் என்ற பகுதி கட்டப்படாமல் போனது. கதை அப்படியே சிடைப்ஸ் கதைதான், நான்கு வருடம் தள்ளி.

பில்ட் கருவியான சிமேக்கில் ஃபைண்ட்_பேக்கேஜ் என்று எழுதி ரிக்வயர்டு என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால், கிடைக்கவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடரும். வீடியோ கருவியான எஃப்எஃப்எம்பெக்கின் கான்ஃபிகர் சில லைப்ரரிகளைத் தானாகத் தேடி, இருந்தால் சேர்க்கும், இல்லாவிட்டால் விடும். அதே கான்ஃபிகரிடம் லிப்எக்ஸ்264 வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால், இல்லாதபோது எரர் சொல்லி நிற்கும். நாம் பெயர் சொல்லிக் கேட்டதைக் கொடுக்க முடியாதபோது நிற்பதுதான் நியாயம். ஜென்டூ லினக்ஸைப் பராமரிப்பவர்கள் இப்படிக் கேட்காமலே தேடிச் சேர்க்கும் பழக்கத்துக்கு ஆட்டோமேஜிக் என்று பெயர் வைத்து, அதை ஒரு பிழையாகவே நடத்துகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஒரே சோர்ஸ், ஒரே கட்டளை, இரண்டு மெஷினில் இரண்டு விதமான நிரல் கிடைக்கிறது என்றால், அதை நம்பி யாரும் எதையும் அனுப்ப முடியாது.

இன்னொரு விசித்திரமான அறிகுறியும் உண்டு. ஒரு ப்ராஜெக்ட்டின் கான்ஃபிகரை ஆட்டோரீகான்ஃப் மூலம் உருவாக்கி ஓட்டினால், "சின்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று ஏதோ ஒரு லைப்ரரிப் பெயருக்குப் பக்கத்தில் விழும். ஸ்கிரிப்டில் எழுத்துப் பிழை என்று தேடாதீர்கள். பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி மெஷினில் இல்லை. அதனால் விரிந்திருக்க வேண்டிய மேக்ரோ விரியாமல் அப்படியே ஸ்கிரிப்டில் தங்கிவிட்டது. பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவி, ஆட்டோரீகான்ஃபை மறுபடி ஓட்டுங்கள்.

இனி பில்டையே நிற்க வைப்பது

3.12 முதல் பைதானின் பில்டில் ஒரு கண்டிப்பான முறை இருக்கிறது. பைதான், ஸ்ட்ரிக்ட், எக்ஸ்டென்ஷன், பில்ட் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், நடுவில் இடைவெளியோ அடிக்கோடோ இல்லாமல் ஒட்டினால் வரும் பெயரில் ஓர் என்விரான்மென்ட் வேரியபிள் வையுங்கள். மதிப்பு 1. அப்புறம் மேக் கொடுத்தால், ஒரு மாட்யூல் விடுபட்டாலும் பில்ட் தோற்று நிற்கும். இதை ஏன் இயல்பான முறையாக வைக்கவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. பைதான் எத்தனையோ வகை மெஷினில் கட்டப்படுகிறது, எல்லாவற்றிலும் எல்லா லைப்ரரியும் கிடைக்காது. அது புரிகிறது. ஆனாலும் சர்வரில் வைக்கப் பில்ட் செய்பவர் எவரும் இதை வைக்காமல் கட்டக்கூடாது என்பது என் எண்ணம்.

வேண்டாத மாட்யூல் என்று ஒன்று இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மாட்யூல்ஸ் ஃபோல்டரில் செட்டப்.லோக்கல் என்ற கோப்பில், இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு டிஸேபிள்டு என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே வேண்டாத மாட்யூலின் பெயரை எழுதுங்கள். அப்போது அது விடுபட்டதாகக் கணக்கில் வராது.

3.11 வரையுள்ள பதிப்புகளுக்கு, இன்ஸ்டால் முடிந்ததும் இம்போர்ட் சோதனை ஒன்று ஓட்டுங்கள். எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்கியூலைட்3, பிஇசட்2, எல்இசட்எம்ஏ, ரீட்லைன், கர்சஸ் ஒவ்வொன்றையும் தனித் தனிக் கட்டளையாக இம்போர்ட் செய்யுங்கள். ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுதினால், முதலில் இல்லாதது எதுவோ அங்கேயே நின்றுவிடும், பின்னால் இருப்பவற்றின் நிலை தெரியாது. பைஎன்வ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சோதனையை அதுவே செய்து, பிஇசட்2 கட்டப்படவில்லை, அதன் லைப்ரரி இல்லையா என்று தனித் தனியாகக் கேட்கும். அந்த வரிகளைப் படியுங்கள்.

டாக்கர் கோப்பில் இந்தச் சோதனையை இரண்டாம் கட்டத்தின் கடைசி ரன் வரியாக வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் வைத்தால் பயனில்லை, லைப்ரரிகள் காணாமல் போவது காப்பி செய்த பிறகுதானே. பட்டியலில் டிகேஇன்டர் மட்டும் இல்லை. எங்கள் சர்வரில் திரையே கிடையாது என்பதால் அதை செட்டப்.லோக்கலில் எழுதி வைத்துவிட்டேன்.